கொலை வழக்கு யார் கையில்: மாநில போலீஸா, மத்திய ஏஜென்சியா?

பொருநை:
எந்தக் கொலை நடந்தாலும் மறுநாளே "சி.பி.ஐ. விசாரணை வேண்டும்" என்று குரல் எழுகிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1946-ம் ஆண்டு டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, மாநிலம் சம்மதிக்காமல் சி.பி.ஐ. இங்கே விசாரிக்க முடியாது. எல்லா வழக்குக்கும் சேர்த்து முன்கூட்டியே கொடுத்திருந்த பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் தமிழ்நாடு திரும்பப் பெற்றது சரியான முடிவு. ஊரும் ஆளும் தெரிந்த போலீஸ்தான் கொலையில் துப்புத் துலக்கும்.

வழக்காடி:
சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலும் ஏற்கெனவே நடக்கும் சி.பி.ஐ. வழக்குகள் நிற்காது. புது வழக்கிலும் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் சம்மதம் தேவையில்லை; 2010-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மேற்கு வங்க வழக்கில் சொன்னது இது.

ஊரும் ஆளும் தெரிந்திருப்பதே சில வழக்குகளில் வினை. சாத்தான்குளத்தையே எடுங்கள். 2020 ஜூன் 19-ல் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; அங்கே அடிபட்டு, சில நாளில் காவலிலேயே இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் சிசிடிவியைப் பார்த்தால், ஹார்ட் டிஸ்கில் 1 டி.பி. இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்தது. அன்றைய காட்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஸ்டேஷனையே வருவாய்த்துறை கையில் ஒப்படைத்த பிறகுதான் மற்ற தடயங்களைக் காப்பாற்ற முடிந்தது. அதே மாவட்ட போலீஸிடம் அந்த வழக்கை விட்டிருக்க முடியுமா?

பொருநை:
மாவட்ட போலீஸிடம் விடச் சொல்லவில்லை சார். அந்தத் தடயங்களைக் காப்பாற்றியது சி.பி.ஐ. இல்லை; உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டும். அரசு சி.பி.ஐ.க்கு மாற்ற முடிவெடுத்த பிறகும், அவர்கள் வந்து சேரும்வரை தடயம் போய்விடும் என்றுதான் நீதிமன்றம் மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி.யை உடனே இறக்கியது. கொலைப் பிரிவில் முதல் கைதுகள் ஜூலை 1-2லேயே நடந்தன. சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது அதற்குப் பிறகு. இதில் "மத்திய ஏஜென்சியால்தான் நீதி" என்பதற்கு எங்கே இடம்?

வழக்காடி:
முதல் வாரத்துக்கு நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைதோடு வேலை முடிவதில்லை. ஏஜென்சி மாறினாலும் குற்றப்பத்திரிகைக்கான 90 நாள் கெடு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. முதல் ரிமாண்டிலிருந்தே ஓடும். கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் குற்றம்சாட்டப்பட்டவர்களின் உரிமையாகிவிடும். சாத்தான்குளத்தில் சி.பி.ஐ. செப்டம்பர் கடைசியில், கெடுவுக்குச் சில நாள் முன்புதான் தாக்கல் செய்தது. பாதியில் மாற்றுவதில் இருக்கும் ஆபத்து அது. மாற்றுவதாக இருந்தால் முதல் வாரத்திலேயே மாற்ற வேண்டும். கேஸ் டைரி, சாட்சிகள் முன் எழுதிய மகஜர், ஆய்வகத்துக்குப் போன மாதிரிகளின் பட்டியல் எல்லாம் அன்றே கைமாற வேண்டும்.

கொங்கன்:
இரண்டு பேரும் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வை விட்டுவிட்டீர்கள். அங்கே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. 2008 என்.ஐ.ஏ. சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, பயங்கரவாதம் போல அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றம் என்றால் ஸ்டேஷன் அதிகாரி மாநில அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அது மத்திய அரசுக்குப் போனபின் 15 நாளில் அவர்கள் முடிவெடுப்பார்கள். அறிக்கை வராவிட்டாலும் 6(5)-ன்படி தாங்களாகவே எடுத்துக்கொள்ளலாம். கோவை கார் வெடிப்பு 2022 அக்டோபர் 23-ல். 26-ல் மாநிலம் பரிந்துரைத்தது, 27-ல் என்.ஐ.ஏ. மறுபதிவு செய்தது. இடைப்பட்ட நாட்களில் முதல் ஐந்து பேரைப் பிடித்தது கோவை போலீஸ். பிறகு வழக்கு சென்னையை ஒட்டிய பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்துக்குப் போனது. கோவைச் சாட்சி ஒவ்வொரு முறையும் 500 கிலோமீட்டர் வர வேண்டும். இந்தச் சுமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பொருநை:
அதனால்தான் 6(5) எனக்கு உறுத்துகிறது. மாநிலம் பிடித்த ஆளும் சேர்த்த தடயமும் ஒரே உத்தரவில் கைமாறும். மறுக்க வழி கிடையாது.

வழக்காடி:
பல மாநிலங்களில் ஆள் சேர்த்து நடக்கும் வெடிகுண்டு வழக்கில் 6(5) தேவை. அங்கே நான் மாற மாட்டேன். ஆனால் உங்கள் பக்கத்துக்கு வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, நீங்களே சொல்லவில்லை. யார் புலனாய்வு செய்தார்கள் என்பது கைதியின் விடுதலைவரை தொடரும். ராஜீவ் கொலை வழக்கைப் புலனாய்வு செய்தது சி.பி.ஐ. என்பதால், தண்டனைக் குறைப்புக்கு மத்திய அரசின் இசைவு கட்டாயம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 477-வது பிரிவும் அதையே சொல்கிறது. அரசியலமைப்பின் 161-வது உறுப்புப்படி அமைச்சரவை முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று, அதே கொலை வழக்கின் கைதி பேரறிவாளன் வழக்கில் தீர்ப்பு வர 2022 மே வரை ஆயிற்று. இன்று ஒரு வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றச் சொல்பவர் இருபது வருடம் கழித்து வரும் அந்த விடுதலை ஃபைலையும் சேர்த்தே டெல்லிக்கு அனுப்புகிறார்.