கலைச்சொல் வேண்டும்: விரலை மடக்கும் ரோபோ கையுறை (வெள்ளிக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.
பக்கவாதம் வந்தவர்கள் விரலை மடக்கி நீட்டிப் பழகுவதற்கான கையுறை ஒன்றின் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். மோட்டார் முன்கையில், அங்கிருந்து சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி மெல்லிய கம்பிகள் விரல்களை இழுக்கும். 'அணியத்தகு எந்திரவியல் கையுறை' என்று போட்டேன். ஒரே பக்கத்தில் பதினொரு தடவை வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சு. காப்பாற்றுங்கள்.

---

அணியாத கையுறை ஏது? 'அணியத்தகு'வை வெட்டுங்கள். இயக்கு + உறை = இயக்குறை. முடிந்தது.

---

> இயக்குறை

புணர்ச்சி சரிதான் ஐயா. ஆனால் கை அசையாமல் எதிரே உட்கார்ந்திருப்பவர் இதை 'இயக்கக் குறை' என்றுதான் படிப்பார். இயன்முறை மருத்துவ வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம்.

அதைவிட, 'உறை'யே இங்கே முக்கியமில்லை. சுட்டுவிரலை நீட்டி, அதன் புறத்தில் நகம் முதல் புறங்கை வரை ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மடக்கிப் பாருங்கள். நூல் போதாது. மடங்கும்போது விரலின் புறம் நீள்கிறது. துணி நீளாவிட்டால் கையுறை விரலோடு மல்லுக்கு நிற்கும். கெட்டிச் சட்டம் வைத்தால் வேறு தொல்லை. மூட்டின் அச்சு விரலுக்குள் இருக்கிறது, சட்டத்தின் கீல் வெளியே. இரண்டும் பொருந்தாமல் சட்டம் நழுவித் தோலை உராயும். கட்டைவிரலோ அடியில் சேண மூட்டு (குதிரைச் சேணம் மாதிரி வளைந்தது), முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையும். தொடும் பொருளை உணரட்டும் என்று விரல்நுனியைத் திறந்தே விடுகிற வடிவங்களும் உண்டு. மூடுவதல்ல, இயக்குவதுதான் இதன் வேலை. ஆகவே 'விரலியக்கி'.

---

அம்மா, இயக்கி என்றால் யட்சி. இசக்கி அம்மனே அதிலிருந்து வந்தவள்தான். நோயாளி பயந்துவிடப் போகிறார் :-)

நிற்க. சங்க இலக்கியத்தில் 'கையுறை' என்பது தலைவன் கொண்டுவரும் காணிக்கை. குறுந்தொகையின் முதல் பாட்டே கையுறை மறுத்தல்: எங்கள் மலையிலேயே காந்தள் குலைகுலையாக இருக்கிறது, உன் பூ வேண்டாம் என்கிறாள் தோழி. அதே நூலின் 167ஆம் பாட்டில் 'காந்தள் மெல்விரல்'. கையுறையும் காந்தள், விரலும் காந்தள்! எனவே 'காந்தளுறை' என்று முன்மொழிகிறேன்.

---

அழகு. கையேட்டில் 'காந்தளுறையை மின்னேற்றவும்' என்று எழுதிப் பார்த்தேன். பூ கருகுகிற மாதிரி இருக்கிறது.

---

விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில்தான். விரலுக்குள் ஓடுவது தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார். இந்தக் கம்பியும் அதையேதான் செய்கிறது. 'நாணுறை'?

---

நாணம் என்று படிப்பார்கள். மேலும், ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. எதை வைத்தாலும் வையுங்கள், தலைப்பில் இருக்கும் 'ரோபோ'வை 'உரோபோ' ஆக்கிவிட்டு வையுங்கள்.

---

மட்டுறுத்துநர்: இழை நீள்கிறது. இன்று இரவுக்குள் ஒரு வரியில் சொல்லுங்கள்.

---

அனைவருக்கும் நன்றி. நான்கு பேர் 'ரோபோ கையுறை'யே போதும் என்றார்கள், இரண்டு பேர் பதில் போடவில்லை. அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. உள்ளே விளக்கத்தில் ஓரிடத்தில் 'விரலியக்கி' சேர்த்திருக்கிறேன்.

---

'ரோபோ கையுறை' என்றால் ரோபோ மாட்டிக்கொள்ளும் கையுறை. நடுவில் 'க்' போட்டாலும் அதே பொருள்தான். என் வகுப்பில் நான் விரலியக்கி என்றே சொல்வேன்.