காற்றுப் பம்பு இல்லாமல் நுண்கால்வாய் வால்வை இயக்க மின்வேதி முறை போதுமா?

கேள்வி:
கிணற்று நீரிலுள்ள நைட்ரேட்டை அந்த இடத்திலேயே அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். நீர் செல்லும் கால்வாய்கள் 100 மைக்ரோமீட்டர் அகலமும் 50 மைக்ரோமீட்டர் ஆழமும் கொண்டவை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் குவேக் குழுவினர் வெளியிட்ட, காற்றழுத்தத்தால் மெல்லிய சவ்வை வளைத்துக் கால்வாயை மூடும் சிலிக்கோன் ரப்பர் வால்வுகள் எனக்கு ஏற்றவையே. ஆனால் அவற்றை அழுத்தும் காற்றுக்குப் பம்பும் சொலினாய்டு (மின்காந்தத்தால் இயங்கும்) வால்வுகளும் வெளியே வேண்டியிருப்பதால் கருவி கையில் அடங்குவதில்லை. மின்னாற்பகுப்பில் (மின்சாரத்தால் நீரைப் பிரிப்பதில்) உண்டாகும் வாயுவே சவ்வை அழுத்தி மூடுமா? அதற்குச் சிறிய மின்கலம் போதுமா?

பதில் 1:
தாராளமாகப் போதும். செலுத்தும் மின்சாரத்தின் அளவுக்கேற்ப வாயு உண்டாகும் என்னும் ஃபாரடே விதிப்படி கணக்கிட்டால், நீரைப் பிரிக்கும் 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு விநாடியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகச் சேர்த்து, அறை வெப்பநிலையில், ஏறக்குறைய 190 நானோலிட்டர் வாயுவைத் தருகிறது. தங்கள் கால்வாயில் 200 மைக்ரோமீட்டர் நீளத்தின் கொள்ளளவோ 1 நானோலிட்டர்தான். ஆகவே அழுத்தம் ஏறும்போது வாயு சுருங்குவதைக் கணக்கில் கொண்டாலும், 100 மைக்ரோ ஆம்பியரில் ஒரு விநாடிக்குள் மூடிவிடலாம். கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதுமென்றாலும், நடைமுறையில் 2 முதல் 3 வோல்ட் வரை தேவைப்படும்.

பதில் 2:
மூடுவது எளிது, திறப்பதில்தான் சிக்கல். மின்னோட்டத்தை நிறுத்தியதும் வாயு உடனே மறைவதில்லை. பிளாட்டினம் மின்முனையின் வினையூக்கத்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மெல்ல மீண்டும் நீராகும். சிலிக்கோன் ரப்பர் வழியாகவும் வாயு கசியும். இரண்டின் வேகமும் நம் கையில் இல்லை. அந்தக் கசிவினாலேயே நெடுநேரம் மூடி வைக்க அவ்வப்போது சிறு மின்னோட்டம் கொடுக்கவும் வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, மின்முனைகளை மாதிரி நீரில் வைக்கவே கூடாது. நேர்முனையருகே அமிலத்தன்மையும் எதிர்முனையருகே காரத்தன்மையும் கூடி அளவீட்டையே கெடுத்துவிடும். சவ்வுக்கு அப்பால் தனி அறையில் சோடியம் சல்பேட் கரைசலை நிரப்புங்கள்; உப்புக் கரைசலானால் குளோரின் உருவாகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒவ்வொரு சோதனைக்கும் புதிய சில்லையே (கால்வாய்கள் அமைந்த சிறு தகட்டையே) பயன்படுத்துவதால், வினைப்பொருள் (அளவீட்டுக்கான வேதிக் கரைசல்) உள்ள அறையின் வால்வு ஒரு முறை திறந்தால் போதும்.

பதில் 3:
அதை முதலிலேயே சொல்லியிருந்தால் வாயு முறையைப் பற்றிப் பேசவே தேவையிருந்திருக்காது. 1999-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாண்டினி, சீமா, லாங்கர் ஆகியோர் நேச்சர் இதழில் விவரித்த, மருந்தை வெளியிடும் சில்லில், ஒவ்வொன்றும் சுமார் 25 நானோலிட்டர் கொண்ட குழிகளை மெல்லிய தங்கப் படலம் மூடியிருந்தது. குளோரைடு உள்ள திரவத்தில் அப்படலத்துக்கு ஏறத்தாழ 1 வோல்ட் நேர் மின்னழுத்தம் கொடுத்ததும் அது கரைந்து குழி திறந்தது. அசையும் உறுப்பு எதுவுமில்லை. மூடியிருக்கும்வரை மின்சாரமும் செலவாவதில்லை. படலத்தைத் தொடும் திரவத்தில் போதிய குளோரைடு வேண்டும் என்பதே நிபந்தனை. கிணற்றுக்குக் கிணறு உப்பின் அளவு மாறுமாகையால் மாதிரி நீரை நம்பாமல், வினைப்பொருள் கரைசலிலேயே குளோரைடைச் சேர்த்து, அது நைட்ரேட் அளவீட்டைப் பாதிக்கிறதா என்பதை முதலில் சோதித்துப் பாருங்கள்.