பதிவேட்டில் பெண்கள் குறைவு: அப்படியே எழுதலாமா?

பயிற்சி மருத்துவர்:
பால்வினை நோய்ப் பிரிவின் ஓராண்டுப் பதிவேட்டைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பக்கம் பக்கமாக ஆண்கள்தான். ஹெர்பிசும் மருவும் நிறைய, கொனோரியா கொஞ்சம், கிளமிடியா ஒன்றுகூட இல்லை. "பெண்களிடம் இந்நோய்கள் குறைவு" என்று முடிவு எழுதலாமா?

ஆலோசகர்:
வேண்டாம் டாக்டர். பதினாறு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். கதவைத் தட்டியவர்கள் பெயர்தான் அந்த நோட்டில் ஏறும். கொனோரியா வந்த ஆணுக்குச் சிறுநீர் எரியும், சீழ் வடியும். சில நாளில் ஓடி வந்துவிடுவார். அதே கிருமி கர்ப்பப்பை வாயில் இருந்தால் பல பெண்களுக்கு ஒன்றுமே தெரியாது. கிளமிடியாவிலும் பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறி கிடையாது. கருக்குழாய் அடைத்த பிறகு குழந்தையின்மைப் பிரிவில் போய் நிற்பார்கள்.

சிபிலிஸ் புண் வலிக்காது. தொற்றி ஏறக்குறைய 3 வாரத்தில் வரும், மருந்தே போடாமல் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். உள்ளே இருந்தால் கண்ணிலேயே படாது.

ஒருவர் புண்ணோடு வந்தார். 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின் ஊசி போட்டார்கள். மனைவியை அழைத்து வரச் சொல்லிச் சீட்டும் கொடுத்தேன். அவர் வீட்டில் சொல்லவே இல்லை. சில மாதம் கழித்து அந்தப் பெண்ணைக் கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் பிடித்தார்கள். "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லையேம்மா" என்று அழுதாள். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. குழந்தை நன்றாகப் பிறந்தது. ஆனால் அவள் பெயர் மகப்பேறுப் பதிவேட்டில்தான் இருக்கிறது, நீங்கள் பார்க்கும் நோட்டில் இல்லை.

ஆய்வக நுட்புநர்:
கிளமிடியாவுக்கு அங்கே பரிசோதனை உண்டா என்று முதலில் கேளுங்கள். கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் கொனோரியா தெரியும், கிளமிடியா தெரியாது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றையும் பாருங்கள். குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகளில் 2020-இல் உலகெங்கும் 37.4 கோடி புதிய தொற்றுகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, அதில் 15.6 கோடி டிரைக்கோமோனாஸ்தான். ஸ்லைடை உடனே பார்க்காவிட்டால் கிருமியின் அசைவு நின்றுவிடும், நாம் "இல்லை" என்று எழுதிவிடுவோம். அப்புறம், ஹெர்பிஸ் திரும்பத் திரும்ப வரும். ஒரே ஆள் நாலு தடவை வந்திருந்தால் நாலு பேராக எண்ணிவிடாதீர்கள்.

பயிற்சி மருத்துவர்:
விசாரித்தேன், கிளமிடியா பரிசோதனையே இல்லையாம். ஹெர்பிசில் அதே நோயாளி எண்கள் மறுபடி வருகின்றன. ஆள் வாரியாக மறுபடி எண்ணுகிறேன். தலைப்பையும் "சிகிச்சைக்கு வந்தவர்களிடம் கண்டறியப்பட்டவை" என்று மாற்றிவிட்டேன். வேறு எதைப் பார்க்க வேண்டும் மேடம்?

ஆலோசகர்:
சரி டாக்டர். பதிவேட்டில் ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்தில் "துணைவர் வந்தாரா" என்று இருக்கும். அதில் எத்தனை காலியாகக் கிடக்கிறது என்று எண்ணி, அதற்கென்று தனி அட்டவணை போடுங்கள்.