குடி, சிகரெட் பழக்கம் மூளை ஸ்கேனில் தெரியுமா?

பெரம்பூர்க்காரன்:
என் அண்ணனுக்கு 38 வயது. கல்லூரி நாளிலிருந்தே சிகரெட், இப்போது ஆறு வருடமாக வேலை முடிந்ததும் நேராக டாஸ்மாக்தான். போன வாரம் அவராகவே "விட்டுடணும்டா" என்றார், அம்மா அழுதேவிட்டார்கள். இதற்குள் தெரிந்தவர் ஒருவர், முதலில் மூளையை எம்ஆர்ஐ எடுங்கள், எவ்வளவு தூரம் அடிமையாகிவிட்டார் என்று அதிலேயே தெரியும் என்கிறார். எடுக்கலாமா? இன்னொன்று, டீ கிளாஸ் கைக்கு வந்த அடுத்த நொடி அண்ணன் கை சட்டைப் பையில் சிகரெட்டைத் தேடுகிறதே, அது ஏன்?

அடையாறு வாசகி:
எம்ஆர்ஐக்குச் செலவு செய்யாதீர்கள் தம்பி. தலையில் அடிபட்டிருக்கிறதா, வலிப்பு வந்ததா என்று டாக்டர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தால் அது வேறு. அடிமையா இல்லையா என்று ஒருவருடைய படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஆராய்ச்சியில் பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் வித்தியாசத்தைக் காட்டுகிறார்கள். அதற்குப் பெட் ஸ்கேனும் எடுக்கிறார்கள், லேசான கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி மூளையின் உள்வேலையைப் பார்க்கும் படம் அது. 2006இல் கலிஃபோர்னியாவில் புகைப்பவர்களை அப்படிப் பார்த்தபோது, இரண்டு இழுப்பு இழுத்தாலே சிகரெட்டின் நிக்கோட்டின் மூளையில் போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுகிறது, மூன்று மணி நேரம் அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது. குடியில், மூளை ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவின் குழு 1996இலேயே காட்டியது, நெடுநாள் குடித்தவர்களுக்கு, ஆசையையும் சந்தோஷத்தையும் தூண்டும் டோபமைன் என்ற மூளை ரசாயனம் ஒட்டும் டி2 என்ற வகை ஏற்பிகள் குறைவு. அதனால்தான் சின்னச் சின்னச் சந்தோஷம் எதுவும் அவர்களுக்கு எட்டுவதில்லை என்று நினைக்கிறார்கள். டீ கிளாஸ் விஷயமும் மூளையின் வேலைதான், வருடக்கணக்கில் டீயும் சிகரெட்டும் சேர்ந்தே வந்ததால் டீயைப் பார்த்ததுமே மூளை அடுத்ததை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் அண்ணனுக்கு மனவுறுதி இல்லை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

விட்டு 4 வருடம்:
நான் முதல் இரண்டு மாதம் டீயையே நிறுத்தி மோருக்கு மாறினேன், கடைக்குப் போகும் தெருவையும் மாற்றினேன். அப்புறம் 2007இல் வந்த ஒரு ஆய்வு, பக்கவாதம் போன்றவற்றால் மூளையில் இன்சுலா என்ற பகுதி சேதமானவர்களில் பலர், சிகரெட் ஆசையே வராமல் சுலபமாக விட்டுவிட்டார்கள் என்றது. அதைப் படித்தபோதுதான் என் ஆசையும் உடம்புக்குள் இருக்கும் ஒரு இடத்திலிருந்து வருகிறது என்று புரிந்தது.

கீழ்ப்பாக்கம் நர்ஸ்:
ஒன்றை முதலில் சொல்லுங்கள், காலையில் அண்ணனுக்குக் கை நடுங்குகிறதா? தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. சிகரெட்டைப் போல ஒரே நாளில் விடுகிற விஷயம் இல்லை இது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போகலாம், இந்திரா நகரில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் டிடிகே மருத்துவமனையும் இருக்கிறது. புகையிலைக்கு 1800-112-356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

பெரம்பூர்க்காரன்:
நடுங்குகிறது அக்கா. நேற்று ராத்திரி குடிக்கவில்லை, இன்று காலை டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது, நாங்கள் அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆட்டோ சொல்லிவிட்டேன், இப்போதே கிளம்புகிறோம்.