ராமானுஜனைத் தோற்கடித்த தேர்வு விதி இன்னும் மாறவில்லையே?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி பள்ளியில் வைத்த டெஸ்ட் பேப்பரைக் கொண்டுவந்து காட்டி அழுதாள். 1 முதல் 99 வரை உள்ள ஒற்றைப்படை எண்களின் கூடுதல் என்ன என்பது கேள்வி. இவள் சூத்திரம் எழுதாமல் புள்ளி வைத்துச் சதுரம் வரைந்திருக்கிறாள். முதலில் ஒரு புள்ளி, அதன் இரண்டு பக்கமும் மடக்கி மூன்று புள்ளி, அப்புறம் ஐந்து, ஏழு என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் சதுரமே வருகிறது, மொத்தம் 50 அடுக்கு, அதனால் 50-இன் வர்க்கம், 2500. விடை சரி. கிடைத்தது ஐந்துக்கு இரண்டு.

இதே ஊரில்தான் ராமானுஜன் படித்தார். 1904-இல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கினார். அரசுக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்து, மற்ற பாடங்களில் தேறாததால் அதுவும் போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906, 1907 இரண்டு வருடமும் எஃப்.ஏ. என்ற கல்லூரி முதல் கட்டத் தேர்வில் தோற்றார். நூறு வருடம் தாண்டியும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது "நான் சொன்ன வழியில் போட்டாயா" என்று மட்டும்தானே?

பழைய விடைத்தாள்:
டீச்சர், நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், பல வருடம் பொதுத்தேர்வுத் தாள் திருத்தியவன். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வர வேண்டும் என்றுதான் விடைக்குறிப்பு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் லாபம் சிபாரிசு உள்ளவர்களுக்குத்தான்.

ராமானுஜன் கதையையே எடுங்கள். தோற்றபின் அவரைத் தூக்கிவிட்டவர்கள் யார்? டெப்டி கலெக்டர் ராமசாமி ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் சொந்தக் காசில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார், பெரிய மனசு. ஆனால் நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கலெக்டர் வீட்டு வாசல்வரை போக அந்தக் காலத்தில் எந்தக் குடும்பத்துப் பையனால் முடிந்தது? ராமானுஜன் ஏழைதான், மறுக்கவில்லை. கூலிக்காரர் மகன் ஒருவனுக்கு அதே மூளையும் அதே தோல்வியும் வாய்த்திருந்தால் அவன் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. என் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். என் பெயரோ ஊரோ தெரியாத ஒருவர் திருத்திய தாள்தான் எனக்குக் கதவைத் திறந்தது. அதை யாரும் அசைத்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சிலேட்டுக்குச்சி:
இரண்டு பேரும் தேர்வைப் பற்றியே பேசுகிறீர்கள், நடுவில் போன வருடங்களைப் பற்றி யாராவது பேசுங்கள். 1907-இல் தோற்றவருக்கு நிரந்தர வேலை என்று ஒன்று கிடைத்தது 1912 மார்ச்சில், சென்னைத் துறைமுகத்தில், 30 ரூபாய் சம்பளக் குமாஸ்தா. அதுவரை ட்யூஷன், நண்பர்கள் வீட்டுச் சோறு. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழித்துவிட்டு, கடைசியில் வந்த முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். படிகள் இல்லை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்களே, அந்தப் படிகள் முழங்கையில் ஒட்டிக்கொண்டு போய்விட்டன! வசதி இல்லாதவனிடம் வழிமுறையைக் காட்டு என்று கேட்பதே எனக்கு வலிக்கிறது.

காவிரிக்கரை:
பழைய விடைத்தாள் சார், கலெக்டர் வாசல் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. ஆனால் 1913-இல் நடந்ததைப் பாருங்கள். பட்டமே இல்லாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதனால் மற்ற மாணவர்களின் தேர்வு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விதியையும் வைத்துக்கொண்டு விலக்குக்கும் ஒரு கதவு வைக்கலாமே? அந்தக் கதவு செங்கல் சூளை வரைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வேண்டுமானால் சேர்ந்தே கேட்போம்.

பழைய விடைத்தாள்:
கேட்கலாம், நானும் வருகிறேன். ஆனால் அந்தக் கதவு எப்போது திறந்தது? கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி அவர் கடிதத்தைப் பார்த்து வியந்த பிறகு. அதற்கு முன் அதே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற கணித அறிஞர்கள் இருவருக்கும் எழுதி ஒரு பயனும் இல்லை. ஹார்டியும் முதலில் கேட்டது நிரூபணத்தைத்தான். காரணம் இல்லாமல் கேட்கவில்லை, பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியதில் சில தவறாகவே இருந்தன. அவ்வளவு பெரிய மேதைக்கே உள்ளுணர்வு காலை வாரியிருக்கிறது என்றால் 'விடை சரி' என்பது போதாது, டீச்சர். சிலேட்டுக்குச்சி, உங்கள் வலி நியாயம், ஆனால் காகிதம் கொடுத்தபிறகும் படிகளைக் கேட்காமல் விட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். மூன்று, ஐந்து, ஏழு வரை சதுரம் வந்தது சரி. ஐம்பதாவது அடுக்கிலும் வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டீர்களா?

காவிரிக்கரை:
கேட்டேன் சார். அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அடுத்த சதுரத்துக்கு ரெண்டு பக்கமும் முழு வரிசை வேணும் மிஸ், மூலைப் புள்ளி ரெண்டு வரிசைக்கும் பொது, அதனால ஒண்ணு குறையும். அம்பதாவதுக்கு அம்பதும் அம்பதும் நூறு, ஒண்ணு போனா 99. எந்த அடுக்குக்கும் அப்படித்தான்."

பழைய விடைத்தாள்:
இதைத் தாளில் எழுதியிருக்கிறாளா?

காவிரிக்கரை:
படத்துக்குப் பக்கத்தில், மூலைப் புள்ளியை வட்டமிட்டு, 'பொது' என்று ஒரே சொல்.

பழைய விடைத்தாள்:
அப்படியானால் நிரூபணம் தாளிலேயே இருக்கிறது. திருத்தும் விடைத்தாள் கட்டோடு அந்தத் தாள் எனக்கு வந்திருந்தால் நானும் சூத்திரத்தைத் தேடிவிட்டு இரண்டுதான் போட்டிருப்பேன், அது தவறு. நாளைக்கே அந்த ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், அந்த வட்டத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். 'பொது' என்பதற்குப் பதிலாக இரண்டு வரி எழுதப் பழக்குங்கள், அதை அவளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.