மறு: கிளினிசியனுக்குத் தமிழ் – ‘பண்டுவர்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> அர்ஜென்ட் கேர் கிளினிசியன் = அவசர சிகிச்சை மருத்துவர். இவ்வளவுதானே? இதற்கு ஏன் பதினேழு மடல்?

பதினெட்டாவது என்னுடையது ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதில் ‘அவசர’மும் ‘மருத்துவ’ரும் இடத்தையும் ஆளையும் மாற்றிவிடுகின்றன.

பேச்சைத் தொடங்கியவன் நான் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் இங்கிலாந்தில் செவிலியர். பத்து வருடம் வார்டில் இருந்துவிட்டு, இப்போது வேலை பார்த்துக்கொண்டே ‘கம்யூனிட்டி அண்ட் அர்ஜென்ட் கேர்’ துறையில் ‘அட்வான்ஸ்டு கிளினிசியன்’ ஆவதற்கு மூன்று வருட முதுநிலைப் பயிற்சி எடுக்கிறாள். இந்தப் பெயரைத்தான் தமிழாக்கப் பார்க்கிறோம். கும்பகோணத்தில் அக்கா, ‘பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா’ என்று தெருவெல்லாம் சொல்லிவைத்துவிட்டாள். இவள் போனில் ‘இல்லம்மா, டாக்டர் இல்லை’ என்று கத்துகிறாள். ‘அப்புறம் என்னதான்டி?’ என்றால் அவளிடம் தமிழில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அங்கே கிளினிசியன் என்ற சொல்லுக்குள் செவிலியர், பாராமெடிக் (ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை தருபவர்), இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர் எல்லாரும் அடக்கம். இவர்களின் மேற்பயிற்சிக்கு 2017இல் இங்கிலாந்தில் ஒரு பொதுச் சட்டகம் வகுத்தார்கள். நோயாளியைப் பார்ப்பது, தலைமை, கற்பித்தல், ஆய்வு என்று நான்கு தூண்கள். தரம் முதுகலைப் பட்டத்துக்கு ஈடு. தனிப்பயிற்சி முடித்தால் மருந்தும் தாங்களே எழுதலாம். செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் 2006இல் அந்தக் கதவு ஏறக்குறைய முழுக்கத் திறந்தது. இயன்முறை மருத்துவருக்கு 2013, பாராமெடிக்குக்கு 2018.

அவள் ஒருநாள் சொன்னது. டின் மூடி கிழித்த விரலோடு ஒரு பெரியவர் வருகிறார். ஒவ்வொரு மூட்டாக மடக்கச் சொல்லி, தன் விரலால் எதிர்த்து அழுத்திப் பார்க்கிறாள். தசைநாண் முழுதாக அறுந்திருந்தால் மூட்டு மடங்காது. பாதி அறுந்திருந்தால் மடங்கும், ஆனால் எதிர்த்து அழுத்தினால் வலிக்கும், வலுவிருக்காது. விரல்நுனியில் தொடு உணர்வு இருக்கிறதா என்று மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், போட்டபின் பார்த்துப் பயனில்லை. அப்புறம் தையல், டெட்டனஸ் ஊசிக் கணக்கு, வீட்டுக்கு அனுப்பியாயிற்று. டாக்டர் என்று ஒருவர் அந்த அறைக்குள் வரவே இல்லை. இவளை மருத்துவர் என்று எழுதினால் பொய். மருத்துவப் பணியாளர் என்றால் நம் ஊரில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வரை சேர்ந்துவிடுகிறார்கள்.

> அர்ஜென்டுக்கு ‘உடனடி’ போடலாமே?

போட்டுப் பார்த்தேன். எந்த நோயாளியை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த, மான்செஸ்டர் முறை என்று அட்டவணை ஒன்று உண்டு. ஐந்து நிறங்கள். சிவப்பு ‘உடனடி’, காத்திருப்பே கூடாது. ஆரஞ்சுக்கு 10 நிமிடம். அர்ஜென்ட் என்பது மூன்றாவதாக வரும் மஞ்சள், 60 நிமிடம். ஆக ‘உடனடி’ என்ற சொல் ஏற்கெனவே சிவப்புக்குப் போய்விட்டது. ‘அவசரம்’ எமர்ஜென்சிக்கு, 108 வண்டி அதை நம் ஊரில் உறுதியாக்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அடுத்த வாரம் வரை விடவும் முடியாது என்ற அந்த நடு இடத்துக்குத்தான் சொல் வேண்டும். இங்கிலாந்தில் நெஞ்சுவலிக்கு 999, இந்த நடு இடத்துக்கு 111 என்று தொலைபேசி எண்ணையே பிரித்துவைத்திருக்கிறார்கள்.

‘அன்றே சிகிச்சை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது. ஆனால் வார்டில் சேர்க்காமல் அன்றே பார்த்து அனுப்பும் எமர்ஜென்சி ஏற்பாடு ஒன்று அங்கே தனியாக இருக்கிறது, அதோடு முட்டும். எனக்கு ‘விரைவு’ பிடித்திருக்கிறது. ரயில்வேக்காரர்கள் விரைவு, அதிவிரைவு என்று ஏற்கெனவே பழக்கிவைத்திருக்கிறார்கள்.

கேருக்கு வருவோம். ‘பராமரிப்பு’ என்றால் எனக்கு மாதாந்திர மின்தடைதான் ஞாபகம் வருகிறது. ‘கவனிப்பு’ என்றால் மேசைக்கு அடியில் கை நீளுகிறது. ‘சிகிச்சை’ பரவாயில்லை, ஆனால் சிகிச்சையாளர் என்றதும் தெரபிஸ்ட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘பண்டுவம்’ என்ற சொல்லை யாராவது கேட்டிருக்கிறீர்களா? அகராதியில் வைத்தியம் என்று போட்டிருக்கும். எங்கள் பாட்டி வாயில் அது சாதாரணமாக வரும்: ‘மூணு மாசம் பண்டுவம் பார்த்துத்தான் இவனை எழுப்பி நடக்க விட்டேன்.’ மருந்து கொடுப்பது, புண் கழுவுவது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. பட்டம் என்ன என்று அந்தச் சொல் கேட்பதில்லை. கிளினிசியனும் கேட்பதில்லை. ஆகவே பண்டுவர்.

> அறுவைப் பண்டுவர் என்று சர்ஜனைச் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். சர்ஜனும் கிளினிசியன்தானே, முன்னொட்டு இருக்கும்வரை சண்டை வராது.

கம்யூனிட்டிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ‘சமூக மருத்துவம்’ எம்.பி.பி.எஸ். பாடமாகிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற வேலைக்குச் ‘சமுதாயப் பண்டுவம்’ என்றால் குழப்பம் இல்லை.

அட்வான்ஸ்டுக்கு ‘மேல்நிலை’ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று பிளஸ் டூ, இல்லாவிட்டால் தண்ணீர்த்தொட்டி. ‘முதுநிலைப் பண்டுவர்’ இருக்கட்டும். இலங்கை நண்பர்கள் போஸ்ட்கிராஜுவேட்டுக்குப் ‘பட்டப்பின்’ என்று எழுதுவது நம் ‘முதுநிலை’யைவிடத் துல்லியம், அதைப் படிப்பின் பெயரில் வைக்கலாம்: ‘சமுதாய, விரைவுப் பண்டுவப் பட்டப்பின் பயிற்சி’. நீளம்தான். படிப்பு என்று எழுதாமல் பயிற்சி என்றே எழுதியிருக்கிறேன், பாதிக்குமேல் நோயாளி முன்னால்தான் நடக்கிறது.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம். நேற்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ‘பண்டுவமா? அது மாட்டுக்குப் பார்க்கிறதுல்ல?’ என்றாள். தஞ்சைப் பக்கம் அப்படித்தானா, மற்ற மாவட்டங்களில் ஆளுக்கும் புழங்குகிறதா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பாராமெடிக்குக்குச் சொல் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து தனி மடலாகத் தொடங்குங்கள், இந்த இழை ஏற்கெனவே நீண்டுவிட்டது.

அன்புடன்,
கும்பகோணத்தான்