டிரெய்லரில் குதிரையைக் கட்டலாமா, அவிழ்த்து விடலாமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செந்தூல் உறுப்பினர்:

கோலாலம்பூர் சுங்கை பீசியிலிருந்து பினாங்கிற்கு இரண்டு குதிரைகளை டிரெய்லரில் கொண்டு போக வேண்டும், வழியில் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு பந்தயம் நின்றுவிட்டது. பினாங்கு டர்ஃப் கிளப்பிலும் 2025 மே 31-இல் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. ஓட்டம் விட்ட குதிரைகளை வாங்கி வளர்க்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பதே இதைத்தான். பெரிய லோரியில் பழகிய குதிரையைக் காருக்குப் பின்னால் மாட்டும் சின்ன டிரெய்லரில் ஏற்றப் போகிறார்கள், அதனால் பயம் இருக்கத்தான் செய்யும். அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் குதிரைகளை ஏற்றி இறக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். என்னைக் கேட்டால், இரண்டு குதிரைகள் அருகருகே நிற்கும் டிரெய்லரில், கட்டிப் பழகிய குதிரையாக இருந்தால், கட்டத்தான் வேண்டும். அந்த இடம் குறுகலானது. கட்டாத குதிரை கழுத்தை வளைத்துப் பின்னால் பார்க்கும், தலை போன பக்கம் உடம்பும் போகப் பார்க்கும். பாதி திரும்பி 500 கிலோ உடம்பு மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சில குதிரைகள், நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே இருக்கும் மார்புக் கம்பிக்குக் கீழே தலையை நுழைத்துவிடும். பக்கத்துக் குதிரையைக் கடித்துச் சண்டையைத் தொடங்கும் குதிரையும் உண்டு.

ஆனால் எந்த நேரத்தில் கட்டுகிறோம் என்பது இதைவிடப் பெரிய விஷயம். ஒரு லாயத்தில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வந்து சேர்ந்த அவசரத்தில், குதிரையின் தலைக்கயிறு இன்னும் வளையத்தில் கட்டியிருக்கும்போதே, ஒருவர் பின்னால் போய், குதிரை ஏறி இறங்கும் சாய்பலகையை இறக்கி, குதிரையின் பின்புறத்தைத் தடுத்து நிற்கும் பின் கம்பியையும் எடுத்துவிட்டார். வெளிச்சத்தைக் கண்ட குதிரை பின்வாங்கியது. இரண்டு எட்டு வைத்ததும் கயிறு இறுகியது. தலையை யாரோ பிடித்து இழுப்பதாக நினைத்து அது முழு பலத்தோடு பின்னுக்கு இழுத்தது, முன்னங்கால்களைத் தூக்கியது, உச்சந்தலை கூரையில் இடித்தது. தலையில் போட்டிருந்தது தடித்த நைலான் ஹால்ட்டர் (கயிறு கட்டுவதற்காகத் தலையில் மாட்டும் வார்), அது அறுபடவே இல்லை. பின்னங்கால்கள் பலகையின் ஓரத்தில் வழுக்கி, தோல் உரிந்து, பாதி உட்கார்ந்த நிலையில் தொங்கியது. முன்பக்கச் சின்னக் கதவு வழியாகக் கையை விட்டுக் கயிற்றை அறுத்தேன். குதிரை பிழைத்தது. அதற்கப்புறம் பல மாதம் டிரெய்லரைக் கண்டாலே நடுங்கி நின்றுவிடும்.

எங்கள் வேலையில் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது: ஏற்றும்போது பின் கம்பியைப் போட்ட பிறகுதான் தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது தலையை அவிழ்த்த பிறகுதான் பின் கம்பியில் கை வைக்க வேண்டும். எவ்வளவு சாதுவான குதிரையாக இருந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. பின்னால் நிற்பவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும், முன்னால் இருப்பவர் 'அவிழ்த்தாச்சு' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம், எங்கேயாவது ஓர் இடம் அறுபட வேண்டும். ஹால்ட்டர், கயிறு, வளையம் மூன்றும் அறுபடாத பொருளாக இருந்தால் உடைவது குதிரையின் கழுத்தாக இருக்கும். தோல் ஹால்ட்டர் நல்லது, பெரிய இழுப்பு வந்தால் தோல் அறுந்துவிடும். நைலான்தான் இருக்கிறது என்றால், வளையத்தில் நேராகக் கட்டாமல், காய்ந்த புல் கட்டைச் சுற்றி வரும் மெல்லிய கயிற்றால் ஒரு சின்ன வளையம் போட்டு அதில் கட்டுங்கள். இப்போது வரும் சில பிளாஸ்டிக் கயிறுகள் குதிரையே இழுத்தாலும் அறுபடுவதில்லை. அப்படிப்பட்டதாக இருந்தால் இழைகளைப் பிரித்துப் பாதியாக்கிக் கொள்ளுங்கள். முடிச்சு, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ்வதாக இருக்க வேண்டும். அதுவும் போதாது, கூர்மையான கத்தி ஒன்று எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும். கார் டிக்கியில் இருக்கும் கத்தியால் அந்த நேரத்தில் பயன் இல்லை. கடிவாளத்திலோ மூக்குச் சங்கிலியிலோ தயவுசெய்து யாரும் கட்டாதீர்கள். வாயும் மூக்கும் கிழிந்துவிடும்.

---

ஆயர் ஈத்தாம் உறுப்பினர்:

செந்தூல் தம்பி சரியாக எழுதியிருக்கிறார். பினாங்கில் 'சைஸ்' என்று சொல்லும் குதிரை பராமரிப்பாளர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கயிற்றின் நீளத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு நல்ல குதிரை அதனால் சாகப் பார்த்தது.

தெற்கிலிருந்து ஒரு குதிரை எங்களிடம் வந்தது. வழியில் லோரி பழுதாகி, பகல் முழுவதும் சாலையிலேயே கழிந்திருக்கிறது. குதிரை கடிக்கும் என்று யாரோ சொன்னதால், ஏற்றிவிட்டவர்கள் தலையை உயர்த்திக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். வழியில் ஒருவரும் அவிழ்க்கவில்லை. இறங்கும்போது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டோம் என்று லாயத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது தீவனம் அப்படியே கிடந்தது. மூச்சு வேகமாக இருந்தது, முழங்கைகளை வெளிப்பக்கம் விரித்து நின்றது. காய்ச்சல் பார்த்தால் 40 டிகிரி. குதிரைக்கு 37.5 முதல் 38.5 வரைதான் இருக்க வேண்டும். மருத்துவர் வந்து கேட்டுப் பார்த்து, நுரையீரலிலும் அதைச் சுற்றிய உறையிலும் சீழ் வைத்திருக்கிறது என்றார். பயணக் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது இதுதான். நெஞ்சில் குழாய் போட்டுச் சீழை வடித்தார்கள், வாரக்கணக்கில் மருந்து ஓடியது. உயிர் தப்பியது, ஆனால் மறுபடி பந்தயத்தில் ஓடவில்லை.

காரணத்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். குதிரை மேய்கிற பிராணி, நாளின் பெரும்பகுதி தலை கீழேதான் இருக்கும். மூச்சுக் குழாயில் சேரும் சளியும் தூசியும் கிருமியும் தலை தாழும்போதுதான் தாமாக வெளியே வடியும். தலையை மேலே கட்டிவிட்டால் வழி அடைபட்டுப் போகிறது, சில மணி நேரத்திலேயே கிருமி பெருகத் தொடங்குகிறது. தூசி படிந்த காய்ந்த புல்லை மூக்குக்கு நேரே தொங்கவிட்டால் இன்னும் மோசம். புல்லைத் தண்ணீரில் நனைத்துத்தான் தொங்கவிட வேண்டும்.

ஆகவே கட்டுங்கள், ஆனால் தலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இறங்குகிற அளவு விடுங்கள். முன்னங்கால் கயிற்றுக்கு மேலே போகிற அளவு விடாதீர்கள். உங்கள் குதிரையை லாயத்தில் நிற்க வைத்து அளந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், தலையை நன்றாகத் தொங்கப்போட அரை மணி நேரமாவது கொடுங்கள். சேர்ந்த பிறகு மூன்று நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். தெர்மோமீட்டர் விலை ஒன்றும் பெரிதில்லை.

---

பட்டர்வொர்த் உறுப்பினர்:

வணக்கம் அண்ணே, வணக்கம் ஐயா. நான் அவிழ்த்து விடுகிற கட்சி. ஐயா சொன்ன அதே காரணத்துக்காகத்தான்.

என்னிடம் இருப்பது பந்தயம் விட்ட ஓர் ஆண் குதிரை. டிரெய்லரின் நடுத்தடுப்பை எடுத்துவிட்டு, முழு இடத்தையும் அவனுக்கே கொடுத்துவிடுவேன். வண்டி நகர்ந்த சிறிது நேரத்தில் அவனாகவே திரும்பி, வால் ஓட்டுநர் பக்கமும் முகம் பின்பக்கமுமாக நின்றுகொள்வான். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். இதைப் பற்றி ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. கட்டாமல் விட்ட குதிரைகளில் பல, பின்பக்கம் பார்த்து நிற்பதையே விரும்புகின்றன. பிரேக் பிடிக்கும்போது பாரம் பருத்த பின்பகுதியில் விழுகிறது, தலை எங்கும் மோதுவதில்லை. பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர் காலை அகட்டி வைப்பது மாதிரி அவனும் கால்களை அகட்டிக்கொள்கிறான். கழுத்து அவன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. கட்டிப் போட்ட நாட்களில் வியர்வையில் நனைந்து இறங்குவான், இப்போது காய்ந்த உடம்போடு இறங்குகிறான்.

ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. பின்பக்கம் மேலே திறந்திருக்கும் டிரெய்லராக இருந்தால் கட்டாமல் விடவே கூடாது, திரும்பி நின்றவன் வெளியே தாவப் பார்ப்பான். வலுவான கம்பி வலையோ முழுக் கதவோ வேண்டும். இரண்டு குதிரைகளைத் தடுப்பில்லாமல் சேர்த்து விடக் கூடாது. நெடுஞ்சாலையில் எந்தக் காரணத்துக்காகவும் பின்கதவைத் திறக்கக் கூடாது. மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து இறக்கத்தில் ஒருமுறை டயர் வெடித்து ஓரம் கட்டினோம். லோரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. உதவிக்கு வந்த ஒருவர் நல்ல மனத்தோடு பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். நான் ஓடிப் போய்த் தடுத்தேன். கட்டாத குதிரை அந்தச் சாலையில் இறங்கினால் அதுவும் போகும், பைக்கில் வருகிற மனிதனும் போவான். அன்றிலிருந்து தாழ்ப்பாளுக்குப் பூட்டுப் போட்டு, 'உயிருள்ள குதிரை, திறக்காதீர்' என்று மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஹால்ட்டரை மட்டும் கழற்றுவதில்லை, அவசரத்துக்குப் பிடிக்க ஏதாவது வேண்டுமே.

---

செந்தூல் உறுப்பினர்:

அக்கா, தடுப்பு எடுக்கிற டிரெய்லர், ஒற்றைக் குதிரை, முழுக் கதவு என்றால் நானும் உங்கள் பக்கம்தான். தாயோடு போகும் குட்டியையும், இன்னும் கட்டிப் பழகாத இளங்குதிரையையும் நான் கட்டுவதே இல்லை. கட்டப் பழக்குவதற்கு லாயத்துச் சுவர் இருக்கிறது, ஓடுகிற வண்டி அதற்கான இடம் இல்லை.

---

கேள்வி கேட்ட தம்பி:

மூவருக்கும் நன்றி. என் இரண்டும் பெண் குதிரைகள், ஒரே லாயத்தில் வளர்ந்தவை, கட்டிப் பழகியவை. டிரெய்லரில் நடுத்தடுப்பு உண்டு, பின்பக்கம் மேலே திறப்பு. எத்தனை மணிக்குப் புறப்படலாம்?

---

ஆயர் ஈத்தாம் உறுப்பினர்:

அப்படியானால் இரண்டையும் கட்டித்தான் ஆக வேண்டும் தம்பி, தடுப்பையும் எடுக்காதீர்கள். விடியற்காலை மூன்று, மூன்றரைக்குக் கிளம்புங்கள். சுமார் 350 கிலோமீட்டர், டிரெய்லரோடு நிதானமாக வந்தால் நிறுத்தங்களையும் சேர்த்து ஆறு மணி நேரம் ஆகும். வெயில் ஏறுவதற்குள் பினாங்குப் பாலத்துக்கு வந்துவிடலாம். வேலை நாளில் வராதீர்கள், காலை நெரிசலில் பாலத்தில் நின்றால் காற்றோட்டம் இல்லாமல் டிரெய்லர் சூடேறிவிடும். ஞாயிறு நல்லது. தாப்பாவில் ஒருமுறையும் கோலகங்சார் பக்கம் ஒருமுறையும் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். பின்பக்கம் சாத்தியே இருக்கட்டும், முன்கதவு வழியாகக் கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தொங்கப்போட விடுங்கள். புறப்படுவதற்கு முன் மறக்காமல் இரண்டையும் மறுபடி கட்டுங்கள்.